குடும்பநலத் திட்டமும் உள்ளாட்சி நிதியும்
(பூந்தமல்லியை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

ஓர் அரசு எதை மதிக்கிறது என்பதை அறிய, மேடைப் பேச்சைக் கேட்பதைவிட வரவு செலவுத் திட்டத்தைப் படிப்பதே மேல். வள்ளுவப் பெருந்தகையும் ‘இறைமாட்சி’ அதிகாரத்தில், பொருளைத் தேடிச் சேர்ப்பதோடு நில்லாமல், அதை முறையாகப் பங்கிட்டுச் செலவிடுவதையும் ஆட்சித் திறனாகவே கூறுகிறார். குடும்பநலத் திட்டத்தை இந்த அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

“தமிழ்நாட்டில்தான் பிறப்பு விகிதம் குறைந்துவிட்டதே, இனி இதற்குச் செலவு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பது மட்டுமே குடும்பநலம் ஆகாது. முதல் குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் போதிய இடைவெளி, தாயின் உடல்நலம், எந்த முறையை ஏற்பது என்று கணவனும் மனைவியும் தாமே முடிவு செய்யும் உரிமை ஆகியவையே அதன் உயிர்நாடி. இவற்றிற்கான தேவை பிறப்பு விகிதத்தோடு குறைந்துவிடுவதில்லை.

பணம் வந்த பாதை

இந்தியா 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 65 லட்சம் ரூபாய். அதில் நாலில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. பணம் இருந்தது, அதைப் பயன்படுத்தும் நிலையங்களும் பணியாளர்களும் இல்லை. நான்காம் திட்டத்தில் ஒதுக்கீடு 315 கோடியாக உயர்ந்தது. ஒதுக்கீடு வேறு, பணி வேறு என்பதே இத்திட்டம் நமக்குத் தந்த முதற் பாடம்.

நெடுங்காலம் இதன் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்றது. இன்று தேசிய நலவாழ்வு இயக்கத்தின்கீழ் மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. டெல்லியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து மாவட்டத்திற்கும் வந்து சேரும் பணத்தில் ஊர்மன்றத்தின் குரல் மிகச் சிறியது. எந்தத் தெருவில் என்ன தேவை என்று அறிந்தவர் கையில் பணம் இல்லை. பணம் உள்ளவருக்குத் தெரு தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

உள்ளாட்சிக்கு இதில் கடமையே இல்லை என்று எண்ணுவது தவறு. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், தாய்சேய் நலத்தை உள்ளாட்சியின் பொறுப்பாக வைத்தது. அரசு மானியம் நீங்கலான தன் வருவாயில் 30 விழுக்காட்டிற்குக் குறையாமல் பொது சுகாதாரத்திற்கென ஒதுக்கவும் நகராட்சிகளுக்கு விதித்தது. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஒருபடி மேலே சென்றது. தாய்சேய் நல நிலையங்களை நடத்துவதோடு, குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தாய்மார்களுக்கு ஆலோசனையும் உதவியும் தருவதை ஊராட்சி ஒன்றியத்தின் பணிகளுள் ஒன்றாக அது வைத்தது. 1994ஆம் ஆண்டின் சட்டமும் இதைத் தொடர்கிறது.

பூந்தமல்லியில் இவ்விடத்தில்தான் ஒரு விந்தையைக் காண்கிறோம். இங்கே நகராட்சியும் உண்டு, ஊராட்சி ஒன்றியமும் உண்டு. 1992ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளை இரண்டு பட்டியல்களாகத் தந்தன. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் ‘குடும்பநலம்’ தனி இனமாகவே இடம்பெற்றுள்ளது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையிலோ ‘பொது சுகாதாரம்’ மட்டுமே உள்ளது. குடும்பநலம் என்ற சொல் இல்லை. நகரம் விரிய விரிய, சுற்றியுள்ள ஊராட்சிகள் நகரோடு சேர்கின்றன. அவ்வாறு சேரும் நாளில் அவ்வூர்ப் பெண்ணின் தேவை மாறுவதில்லை. உள்ளாட்சியின் பட்டியலிலிருந்து குடும்பநலம் மட்டும் மறைந்துவிடுகிறது.

இலக்கின் பின்னே ஓடிய பணம்

பணம் எதற்காகத் தரப்படுகிறதோ அதுவே பணியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77ஆம் ஆண்டில் மட்டும், நாட்டில் ஏறத்தாழ 82 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கே செய்யப்பட்டன. எண்ணிக்கை இலக்கும், ஊக்கத்தொகையும், வற்புறுத்தலும் கைகோத்த காலம் அது. அதன் வடு இன்றும் ஆறவில்லை. 2019–21 ஆய்வில், இந்திய அளவில் பெண்களின் கருத்தடை அறுவை 37.9 விழுக்காடு, ஆண்களுடையது 0.3 விழுக்காடு மட்டுமே. அன்று ஆணின்மீது செலுத்திய வன்முறையின் சுமையை இன்று பெண் தாங்குகிறாள்.

1996இல் இலக்கு முறை கைவிடப்பட்டது. எனினும் முகாம் முறை நீடித்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த முகாம்களில் அறுவை செய்துகொண்ட 13 பெண்கள் உயிரிழந்தனர். அவற்றுள் ஒரு முகாமில் ஒரே மருத்துவர் ஒரே நாளில் 83 பேருக்கு அறுவை செய்திருந்தார். 2016இல் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களை வலுப்படுத்துமாறு ஆணையிட்டது. பொருளியல் மாணவரின் கண்கொண்டு பார்த்தால், முகாமுக்குச் செலவிடுவது எளிது, கணக்குக் காட்டுவதும் எளிது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் நிலையத்திற்குச் செலவிடுவதே கடினம், அதுவே தேவையும்கூட.

பிறநாட்டுப் பாடம்

உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பிலிப்பைன்ஸ் நாடு 1991இல் சுகாதாரப் பணியை மாகாணங்களுக்கும் நகராட்சிகளுக்கும் அளித்தது. பின்னர் அமெரிக்கா இலவசமாகத் தந்துவந்த கருத்தடைப் பொருள்கள் படிப்படியாக நின்றபோது, அவற்றை வாங்கும் பொறுப்பு ஊர்களின் தலையில் விழுந்தது. எந்த ஊரில் கிடைக்கும், எந்த ஊரில் கிடைக்காது என்பது அவ்வூர் மேயரின் மனத்தைப் பொறுத்ததாயிற்று. மணிலா நகரில் 2000ஆம் ஆண்டு மேயர் இட்ட ஆணையால், நகரச் சுகாதார நிலையங்களில் மாத்திரையும் ஆணுறையும் கிடைக்காமல் போயின. 2012இல் நாடு தழுவிய சட்டம் பிறந்த பிறகே அங்கு இவை அரசின் கடமையாக வகுக்கப்பட்டன. ஆகவே அடிப்படைச் சேவைக்கு மேலிருந்து உறுதி வேண்டும். அதை ஊரின் தேவைக்கேற்ப நிரப்பும் அதிகாரம் கீழே வேண்டும்.

பூந்தமல்லிக்கு ஒரு கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பூந்தமல்லி நகராட்சியில் 57 ஆயிரம் பேருக்குச் சற்று மேல் வாழ்ந்தனர். ஆயிரம் பேருக்கு 150 முதல் 180 வரை தகுதியுள்ள தம்பதிகள் இருப்பர் என்பது பொது சுகாதாரப் பாடநூல்கள் கொள்ளும் அளவு. 150 என்றே கொண்டாலும் அன்று ஏறத்தாழ 8,550 தம்பதிகள். நகர்ப்புறத்தில் 10,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது 2013இல் தொடங்கிய நகர்ப்புற நலவாழ்வுத் திட்டத்தின் விதி. அதன்படி ஆறு செவிலியர். ஒருவருக்கு 1,425 தம்பதிகள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டையும் பார்ப்பதென்றால், மாதம் 25 வேலை நாளாக வைத்தாலும் நாளொன்றுக்கு 19 வீடுகள்! தடுப்பூசியும், கர்ப்பிணிகள் பதிவும், பதிவேடுகளும் இதற்கு மேல். மக்கள் தொகை கூடக்கூட இச்சுமையும் கூடவே செய்யும்.

இக்கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. நகராட்சி தன் சுகாதார நிதியிலிருந்து செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அவை வருமாறு:

1. ஆண்டுதோறும் டிசம்பருக்குள் வார்டு வாரியாகத் தேவைப் பட்டியல் எடுத்தல். ஏப்ரலில் தொடங்கும் வரவு செலவுத் திட்டம் சென்ற ஆண்டின் எண்ணைப் படியெடுக்காமல் இப்பட்டியலைப் பின்பற்ற வேண்டும்.

2. செவிலியரின் போக்குவரத்துச் செலவும், பிறர் காதில் விழாமல் பேச ஒரு தனியறையும்.

3. தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுக்கும், வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் மாலை நேர ஆலோசனை. அவர்கள் மொழியில் துண்டறிக்கை.

4. ஆண்களுக்கெனத் தனி ஆலோசனை நாள்.

5. மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி ஆகியவற்றின் இருப்பை மாதந்தோறும் மன்றத்தின் முன் வைத்தல். இருப்பு தீர்ந்த நாள்களையும் மறைக்காமல் எழுதுதல்.

6. அறுவையோ காப்பர்-டியோ ஏற்றவரைப் பின்னர் சென்று பார்த்து நலம் விசாரிக்க ஒரு தொகை. இதுவரை பெரிதும் கவனிக்கப்படாத செலவு இதுவே.

இவற்றுள் எதையும் ‘எத்தனை அறுவை?’ என்ற எண்ணோடு பிணைக்கக் கூடாது. ‘கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினாரா?’ என்பதே தணிக்கையின் கேள்வியாதல் வேண்டும்.

முடிவுரை

பூந்தமல்லியில் உள்ள பொது சுகாதார நிறுவனம் பல தலைமுறை சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளது. பிறருக்குக் கற்பித்த ஊர் தன் கணக்கையும் தானே எழுதிக் காட்டலாம் அல்லவா? மாணவர்களாகிய நாமும் இதில் பங்கேற்க முடியும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாக வார்டுத் தேவைப் பட்டியல் எடுக்க உதவலாம். நகராட்சியின் வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கி, குடும்பநலத்திற்கு ஒரு வரியேனும் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். அந்த ஒரு வரி இல்லாதவரை, நகரத்துத் தாயின் தேவை டெல்லியும் சென்னையும் அனுப்பும் தொகைக்குக் காத்தே கிடக்கும். அதை எழுதச் செய்வது மக்களாட்சியில் நம் உரிமை. கற்றவர் என்ற முறையில் நம் கடமையும்கூட.