சாடியில் மிளகாய்: விதை முதல் விதை வரை

மிளகாய்ச் செய்கை எமது குடும்பங்களுக்குப் புதிய விடயமன்று. 1970 முதல் 1977 வரை செத்தல் மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலும் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற வன்னிப் பகுதிகளிலும் மிளகாய் வைத்த பலர் அந்த வருமானத்தில் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1977 இன் பின் இறக்குமதி திறந்து விடப்பட்டதும் விலை விழுந்தது. ஆயினும் மிளகாயை நாம் கைவிடவில்லை. பலருடைய தோட்டத்தை நிறுத்தியது இடப்பெயர்வே.

காணியை விட்டு வரும்போது விதைப் போத்தலைக் கையோடு கொண்டுவந்த குடும்பங்கள் உண்டு. அது நல்ல யோசனை. ஆனால் மிளகாய் விதை நெடுங்காலம் உயிரோடு இராது. நன்றாக உலர்த்திக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் முளைதிறன் குறைந்துவிடும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களிற் பல, 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தம் காணியைக் காணவில்லை. அவ்வளவு காலம் எந்த விதையும் போத்தலில் காத்திராது. விதையைக் காப்பதென்றால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவையாவது அதை மண்ணில் இட்டுப் புது விதை எடுக்க வேண்டும். அதற்குக் காணி தேவையில்லை. முகாமின் ஓரமோ, உறவினர் வளவின் ஒரு மூலையோ, நாலைந்து சாடிகளோ போதும்.

எனவே இப்பாடத்தில் நாம் கற்பது இரண்டு: அன்றாடக் கறிக்குப் பச்சை மிளகாய் எடுத்தல், அடுத்த முறைக்கு விதை எடுத்தல். நாலைந்து கன்றுகள் ஆண்டு முழுவதற்குமான செத்தலைத் தரமாட்டா. அந்த எதிர்பார்ப்போடு தொடங்க வேண்டாம்.

தோட்டமும் சாடியும்

ஆயிரம் கன்று வைத்துப் பழகியவருக்கும் சாடி புதிது. தோட்டத்தில் வேர் தனக்கு வேண்டிய நீரையும் பசளையையும் தேடிப் போகும். சாடியில் நாம் கொடுப்பது மட்டுமே அதற்கு உண்டு. கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். ஆகவே தண்ணீர், எரு, பசளை எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை இலகு.

விலை கொடுத்துச் சாடி வாங்க வேண்டியதில்லை. உடைந்த வாளி, எண்ணெய்த் தகரம், வாய்ப்பக்கத்தை மடித்துவிட்ட மா பை அல்லது அரிசிப் பை எதுவும் உதவும். ஓர் அடி ஆழமும் 10 லீற்றர் அளவு மண் கொள்ளும் இடமும் இருந்தால் ஒரு கன்றுக்குப் போதும். பூச்சிநாசினி இருந்த கலன்களை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. அடியில் ஐந்தாறு துளைகள் இட்டு, தண்ணீரில் ஊறவைத்த பொச்சுத் துண்டுகளை முதலில் அடுக்குங்கள். அவை மண் வெளியேறாமல் தடுப்பதோடு ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

மேல் மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்று கலந்து நிரப்பலாம். மணற்பாங்கான இடமாயின் மணலை விட்டு எருவைக் கூட்டலாம். பச்சைச் சாணம் கன்றின் வேரைக் கருக்கிவிடும். ஆகவே நன்றாக மக்கியதையே எடுக்க வேண்டும்.

விதையும் நாற்றும்

கடைச் செத்தலை உடைத்து விதை எடுப்பது பலரது வழக்கம். அதில் சில முளைக்கும். ஆனால் அது எந்த இனம், எத்தனை காலம் பழையது, என்ன நோய் கொண்டது என்பது எமக்குத் தெரியாது. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட எம்.ஐ.2, கே.ஏ.2 போன்ற இனங்களோ, அயலவரின் நல்ல கன்றிலிருந்து எடுத்த விதையோ மேலானது. கலப்பின விதை நல்ல காய் தரும். ஆனால் அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல வராது. விதை எடுக்கும் நோக்கம் இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும்.

கைவசமுள்ள விதை உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 20 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பத்து நாட்களில் 15க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பாதிதான் முளைத்தால் இரண்டு மடங்கு விதை இட வேண்டும்.

மாரி மழையின் வேகம் தணியும் காலத்தில் நடுவதற்கு ஏற்றவாறு, மார்கழியில் நாற்றுக்கு விதை இடலாம். துளையிட்ட சிரட்டைகள் நாற்றுக்கு நல்லவை. நாற்றுக்கான மண்ணைத் தனியே எடுத்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் அழுகல் நோய்க் கிருமிகள் பெருமளவு அழியும். விதையை ஓர் இரவு ஊறவைத்து, சிரட்டைக்கு மூன்று நான்காக, கால் அங்குல ஆழத்தில் இட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். ஏழு முதல் பத்து நாட்களில் முளைக்கும். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் நாற்று வெளிறி நீளும்.

இளநாற்றின் அடித்தண்டு நூல்போல மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். ஈரம் கூடியதும் காற்றோட்டம் இல்லாததுமே பெரும்பாலும் காரணம். சாய்ந்தவற்றை அகற்றி, தண்ணீரைக் குறைத்து, காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். பின்னர் சிரட்டைக்கு ஒரு நல்ல நாற்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம்.

நடுதலும் பராமரிப்பும்

நான்கைந்து வாரத்தில் நாற்று ஐந்தாறு இலைகளோடு நிற்கும். ஒரு வாரம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, ஒரு பின்னேரத்தில் சாடிக்கு மாற்றுங்கள். வேரோடு உள்ள மண் உதிரக் கூடாது. முதல் மூன்று நாட்கள் நிழல் கொடுங்கள். அதன்பின் நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். தண்ணீர் தட்டுப்பாடான இடங்களில் அரிசி கழுவிய நீரும் மரக்கறி கழுவிய நீரும் நன்றாக உதவும். சவர்க்கார நீர் கூடாது. கிணற்று நீர் உவராக இருந்தால் உப்புச் சாடியில் தங்கிவிடும். மழை வரும்போது சாடியை வெளியில் வைத்துக் கழுவவிடுங்கள். பெருமழை நாட்களில் தாழ்வாரத்தின் கீழ் எடுத்து வையுங்கள். மண்ணின் மேல் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி கூட்டெரு போதும். சாணத்தை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து, தேநீர் நிறத்துக்கு ஐதாக்கியும் ஊற்றலாம். யூரியா இடுவதாயின் சாடிக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஈர மண்ணில், தண்டில் படாமல் இட வேண்டும். யூரியா கூடினால் இலை செழிக்கும், காய் குறையும். அடுப்புச் சாம்பலும் நல்லதே. ஆயினும் சுண்ணக்கல் மேலுள்ள குடாநாட்டு மண்ணுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் ஆகாது.

இலை சுருளும்போது அது எப்பக்கம் சுருள்கிறது என்று கவனியுங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டும் வறண்ட வெயிலில் பெருகும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். இலை மஞ்சளாகிச் சிறுத்து, கன்று குறுகி நின்றால் அது வெண்ணீ பரப்பும் வைரசு நோய். அதற்கு மருந்தில்லை. மற்றக் கன்றுகளைக் காக்க அதைப் பிடுங்கி அழிக்க வேண்டும்.

நட்ட இரண்டு இரண்டரை மாதத்தில் பச்சை மிளகாய் பிடுங்கலாம். அடிக்கடி பிடுங்கினால் அடிக்கடி பூக்கும்.

விதை எடுத்தல்

நோயில்லாத, நிறையக் காய்க்கும் கன்றைத் தெரிந்து ஒரு துணியைக் கட்டி அடையாளமிடுங்கள். வீட்டார் கறிக்கு அதிலே கை வைக்கக் கூடாது. பக்கத்தில் வேறு இன மிளகாய் நின்றால் தேனீக்கள் கலப்பை உண்டாக்கும். ஆகவே மொட்டு விரியுமுன் ஒரு கிளையைப் பழைய நுளம்பு வலைத் துண்டால் மூடி, காய் பிடித்தபின் அகற்றி, அந்தக் காய்களுக்கு நூல் கட்டுங்கள். வலைக்குள்ளும் காய் பிடிக்கும்; மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது. நாளுக்கு ஒருமுறை கிளையை மெல்ல அசைத்துவிட்டாற் போதும்.

பழம் முற்றாகச் சிவந்தபின் பறித்து, இரண்டு நாள் நிழலில் வைத்துப் பிளந்து விதையை எடுங்கள். கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால் எரிவு குறையும். சிறு பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். விதையைக் கொதிக்கும் சீமெந்துத் தரையில் காயவிட்டால் முளை செத்துவிடும்; கடதாசியில் நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வளைக்கும்போது விதை முறிந்தால் காய்ந்தது என்று கொள்ளலாம். காய்ந்த போத்தலில் அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடி இட்டு, அதன்மேல் விதையைக் கடதாசியில் சுற்றி வைத்து இறுக மூடுங்கள். இனத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள்.

விதை முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு பங்கை அயலவரிடமோ வேறு ஊரிலுள்ள உறவினரிடமோ கொடுத்து வையுங்கள். ஒருவருடையது அழிந்தாலும் மற்றவரிடம் கேட்டு வாங்கலாம். கால் ஏக்கர் மிளகாய்க்கு ஏறத்தாழ 100 கிராம் விதை போதும். பத்துக் குடும்பங்கள் ஆளுக்குச் சில சாடிகள் வைத்து ஒரே இனத்தைப் பேணினால், காணி திரும்பக் கிடைக்கும் நாளில் விதைக்காகக் கடைவாசலில் நிற்க வேண்டியிராது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது ஊரில் முன்பு எந்த மிளகாய் இனங்கள் இருந்தன? அவற்றின் விதை இப்போது யாரிடம் இருக்கிறது?

2. நாம் இப்போது இருக்கும் இடத்தில் வெயில், தண்ணீர், எரு மூன்றும் எங்கெங்கே கிடைக்கும்?

3. எடுக்கும் விதையை எந்த மூன்று வீடுகளில் பிரித்து வைப்போம்?