திரை என்னும் சொல்

அபிஷேகம் முடிந்ததும் அர்ச்சகர் கருவறை வாயிலில் திரையை இழுத்து விடுகிறார். உள்ளே அலங்காரம் நடக்கிறது. வெளியே நிற்கும் அன்பர்கள் பொறுமையுடன் காத்திருக்கிறார்கள். பின்னர் மணி ஒலிக்கத் திரை விலகுகிறது, தீபாராதனை நடக்கிறது. நம் தோட்டத்துக் கோயில்களில் நாம் அனைவரும் சிறு வயது முதல் கண்டு வரும் காட்சி இது. ஆனால் அந்தத் துணிக்குத் ‘திரை’ என்று ஏன் பெயர் வந்தது என நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணியதில்லை, ஒரு சிறுவன் கேட்கும் வரையில்.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே உள்ள ஒரு தோட்டத்தின் மாரியம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சமய வகுப்பு நடத்தி வந்தேன். தேசியப் பள்ளியில் படிக்கும் பையன் ஒருவன் ஒருநாள் எழுந்து, “சார், தீராய் மலாய்ச் சொல் ஆச்சே, அதை நாம ஏன் கோயில்ல சொல்றோம்?” என்றான். மலாயில் திரைச்சீலைக்குத் ‘தீராய்’ என்று பெயர். பள்ளியில் அவன் முதலில் கற்றது அந்தச் சொல். கோயிலில் கேட்டது பிற்பாடு. ஆகவே நாம்தான் கடன் வாங்கியிருக்க வேண்டும் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். தவறு அவனுடையதன்று.

“இல்லை தம்பி, அது தமிழ்ச் சொல்தான்” என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அவன் கேட்டபோது எனக்கு உடனே விடை வரவில்லை. அப்போது மண்டபத்தின் ஓரத்தில் பூக்கட்டிக் கொண்டிருந்த அவனுடைய பாட்டி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “என்னா வாத்தியாரே, இது தெரியாதா? பால் எடுக்க நேரமாயிட்டா மங்குலயே தெரைஞ்சு போவுமே, அந்தத் தெரைதான்.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர் அவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஆயினும் சொல்லின் வேரைத் தொட்டுக் காட்டியவர் அவரே.

அகராதிகள் கூறுவதும் இதையே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், ‘திரைதல்’ என்னும் வினைச்சொல்லுக்குப் பல பொருள்கள் காணலாம். தோல் சுருங்குதல், அலை எழுதல், துணி மடிந்து ஒதுங்குதல், பால் கட்டியாதல் ஆகியவை அவற்றுள் சில. முதற் பார்வையில் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகத் தோன்றும். கடலலைக்கும் கிழவியின் கன்னத்துக்கும் மங்கில் கிடக்கும் ரப்பர் பாலுக்கும் என்ன உறவு?

உறவு உண்டு. சமமாக, ஒரே மட்டமாகப் பரந்து கிடக்கும் ஒன்று, தன்னைத் தானே ஒதுக்கி, மடித்து, திரட்டிக் கொள்ளும் செயலே திரைதல். நீர்ப்பரப்பு அவ்வாறு மடிந்தால் அலை. தோல் மடிந்தால் சுருக்கம். ‘நரை, திரை, மூப்பு’ என்று நாம் அடுக்கிச் சொல்வதில் நடுவில் நிற்பது இந்தத் திரை. துணியை ஒதுக்கி மடித்தால் அதுவும் திரைத்தல்தான். கோயில் திரையை நன்றாகக் கவனியுங்கள். இழுத்து விடும்போது அது பலகையைப் போல் விறைத்து நிற்பதில்லை. ஒருபுறம் ஒதுக்கும்போது மேடும் பள்ளமுமாக, வரிசை வரிசையாக மடிகிறது. கடற்கரையில் நாம் காணும் வடிவமே அங்கே துணியில் நிற்கிறது.

பாலின் கதை நமக்கு அயலானதன்று. விடியுமுன் மரம் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் பால் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். தாமதமானால் பாலில் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பு ஏறும். நீரில் தனித்தனியே மிதந்து கொண்டிருந்த ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகும். அதைத் தடுக்கவே சில துளி அமோனியா விடுவார்கள். ஸ்டோரில் அதே செயலை வேண்டுமென்றே செய்வார்கள்: பார்மிக் அமிலம் கலந்து, தொட்டியில் பாலைத் திரைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்குவார்கள். ஆக, ஓரிடத்தில் கட்டிப்பாலாகிக் குறைந்த விலைக்குப் போவதும், மற்றோரிடத்தில் நல்ல தகடாக வெளிவருவதும் ஒரே திரைதல்தான். இடமும் நேரமும்தான் வேறு.

‘பால் திரிந்தது’ என்று எழுதுவதே சரியென்று சிலர் வாதிடுவர். திரிதல் என்றால் தன்மை மாறுதல். திரைதல் என்றால் கட்டிகட்டியாக ஒதுங்குதல். கெட்டுப்போன பாலில் இரண்டுமே நடக்கின்றன. எனவே இரண்டையும் ஏற்கலாம் என்பதே அடியேன் கருத்து. பாட்டி ‘தெரைஞ்சு’ என்று சொன்னதும் கொச்சையென்று தள்ளத்தக்கதன்று. கன்னடத்தில் அலைக்கும் திரைச்சீலைக்கும் ‘தெரெ’ என்கிறார்கள். தெலுங்கில் திரைச்சீலை ‘தெர’. மலையாளத்தில் ‘திர’ என்றால் இன்றும் கடலலை. ஒரு குடும்பத்துப் பிள்ளைகளின் முகச்சாயலைப் போல இது தென்னாட்டு மொழிகளில் தொடர்ந்து வருகிறது.

அப்படியானால் ‘அலை’ என்ற சொல் எதற்கு என்று கேட்கலாம். அலைதல் என்பது நிலையில்லாமல் அங்குமிங்கும் போய் வருதல். வேலை தேடி அலைந்தேன், மனம் அலைபாய்கிறது, வீண் அலைச்சல் என்கிறோம். எவரும் ‘வேலை தேடித் திரைந்தேன்’ என்பதில்லை. ஒரே கடல்நீரைப் பார்த்து, அதன் ஓயாத போக்குவரத்தைக் கண்டவர் அலை என்றார். அது எழுந்து மடங்கி விழும் உருவத்தைக் கண்டவர் திரை என்றார். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இந்த வேறுபாட்டை அங்கே காட்டலாம். எதிரே சுமத்ரா தீவு மறைத்து நிற்பதால் மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் கொந்தளிப்பு இல்லை. சிறு சிறு மடிப்புகளாக நீர் வந்து மணலில் ஒதுங்கும். திரை என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

அலையிலிருந்து கடலுக்கே அப்பெயர் சென்றது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். கடல்திரை கொண்டு வந்து தந்த மரபில் வந்தவன் என்று அவனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியுள்ளார். பெயரிலேயே திரையைச் சுமந்த அரசன் அவன். ஔவையாரின் கொன்றைவேந்தன், பொருள் தேடத் திரைகடலையும் கடந்து செல்லச் சொல்கிறது. நம் பாட்டன்மார் அதைப் படித்துவிட்டுக் கப்பல் ஏறவில்லை. வறுமையும் கங்காணியின் பேச்சும் ஏற்றின. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கினார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை அவ்வாறு ஆள் கட்டி வருவது நடந்தது.

ஆனால் ‘திரை’ என்ற சொல் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நாட்டுக்கு வந்துவிட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்த வணிகர்களோடு தமிழ்ச் சொற்களும் வந்து இறங்கின. கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. கடை ‘கெடாய்’, வகை ‘பாகாய்’, திரை ‘தீராய்’. நம் சொல்லின் கடைசியில் உள்ள ஐகாரத்தை மலாய்மொழி எவ்வளவு கவனமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது பாருங்கள்!

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. மலாய்க்காரர்கள் நம்மிடம் திரைச்சீலை என்ற பொருளை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அலை என்ற பொருளைத் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? அவர்கள் கடலிலேயே வாழ்ந்தவர்கள். கரையில் வந்து மோதும் அலைக்கு ஓம்பாக், பெரிய அலைக்கு கெலோம்பாங், உடையாமல் ஏறி இறங்கும் நீளலைக்கு ஆலுன் என்று அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தன. வணிகன் விற்றது துணி. துணியின் பெயரை வாங்கினார்கள். நான் அந்தப் பையனிடம் பின்னர் சொன்னது இதுதான்: மலாயில் ‘தீராய்’ என்பது துணி ஒன்றே. தமிழில் அதே சொல் கடலாகவும் கன்னமாகவும் பாலாகவும் இருக்கிறது. எங்கே கிளைகள் நிறைய உள்ளனவோ, அங்கேதான் மரம் முளைத்திருக்க வேண்டும்.

தமிழிலும் துணிக்கு இது ஒன்றே பெயராக இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்கில் இருந்த மூவகைத் திரைகளை இளங்கோவடிகள் ‘எழினி’ என்றே குறிக்கிறார். எழினி வழக்கொழிந்தது, திரை நிலைத்தது. சிதம்பரத்தில் இரகசியத்தை மறைப்பது திரை. 1872இல் இராமலிங்க அடிகள் வடலூரில் நிறுவிய சத்திய ஞானசபையில், தைப்பூசத்தன்று ஏழு வண்ணத் திரைகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்ட பிறகே சோதி தரிசனம். மறைக்கும் சுவர் என்றால் இடிக்க வேண்டும். திரை என்றால் ஒதுக்கினால் போதும். அடிகள் திரையைத் தேர்ந்ததில் அந்த நுட்பம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இக்காலத் தமிழ் இரு சொற்களுக்கும் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டது. அலைநீளம், அலைவரிசை என்று அறிவியல் அலையின் பங்குக்குப் போயிற்று. 2004ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின் சுனாமிக்குப் பெயர் தேடியவர்களும் ‘ஆழிப்பேரலை’ என்றே வைத்தார்கள். திரைக்குக் கிடைத்தது திரைப்படம், சின்னத்திரை, இப்போது கைப்பேசியின் தொடுதிரை. அதில் மடிப்பும் இல்லை, சுருக்கமும் இல்லை, வழவழப்பான கண்ணாடி. பிள்ளைகள் அறிந்த திரை அதுதான்.

திரைதல் என்ற வினை உயிரோடு இருந்த இடம் பால்வெட்டுத்தான். நெகிரி செம்பிலானில் ரப்பர் நிரைகள் பல செம்பனைக் காடாகிவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்பு வந்து, மக்கள் பட்டணம் போய்விட்டனர். செம்பனைக் குலையில் திரைவதற்கு எதுவுமில்லை. அந்தப் பாட்டி சொன்ன சொல்லை அவருடைய மகள் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுவாரம் பையன் ஒரு தாளைக் கொண்டு வந்தான். மலாயில் உள்ள தமிழ்ச் சொற்களை எழுதி வரச் சொல்லியிருந்தேன். பெத்தி, காத்தில், கெடாய், காப்பால் என்று நான் சொல்லிக் கொடுத்தவை வரிசையாக இருந்தன. அடியில் பென்சிலால் ‘கூயில்’ என்றும் எழுதியிருந்தான். கோயில்தான். அதை நான் சொல்லித் தரவில்லை.