மூன்றும் நான்கும் எங்கே?

கேள்வி: பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. விண்டோஸில் டிரைவ்கள் சி-யில்தான் தொடங்குகின்றன; ஏ, பி இல்லை. பாஸ் லினக்ஸில் பார்த்தால் எஸ்டிஏ1, எஸ்டிஏ2, அடுத்தது எஸ்டிஏ5. 3, 4 எங்கே போயின?
– ஒரு வாசகி, கருணாபுரம், கள்ளக்குறிச்சி

பதில்: ஏ, பி கதை சின்னது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒன்றோ இரண்டோ ஃப்ளாப்பி டிரைவ்கள்தான். ஏ, பி அவற்றுக்குப் போயின. 1983இல் எக்ஸ்டி மாடலில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் வந்தபோது மிச்சமிருந்தது சி. ஃப்ளாப்பி ஒழிந்த பிறகும் விண்டோஸ் அந்த இரண்டு எழுத்தையும் தானாக யாருக்கும் கொடுப்பதில்லை.

3, 4 விவகாரமும் அதே 1983இல், அன்றைய இயங்குதளமான டாஸின் 2.0 பதிப்பில் தொடங்குகிறது. டிஸ்கின் முதல் செக்டர் 512 பைட். கணினியை எழுப்பும் குட்டி நிரலுக்கு 446, கடைசியில் அடையாள முத்திரைக்கு 2. மீதி 64 பைட்தான் முழு டிஸ்குக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒரு பங்கு, அதாவது பார்ட்டிஷன், எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்று எழுத 16 பைட் வேண்டும். ஆக, நான்கு பங்குதான். 10 மெகாபைட்டுக்கு நான்கே ஆடம்பரம்! டிஸ்க் பெருத்ததும் இடம் போதவில்லை. 1987இல் டாஸ் 3.3 வந்தபோது ஒரு பங்கை ‘எக்ஸ்டெண்டட்’ ஆக்கி, அதற்குள் பல லாஜிக்கல் பார்ட்டிஷன்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள முடிந்தது.

லினக்ஸ் கெர்னல் இந்த 64 பைட்டைப் படித்து ஒவ்வொரு பங்கையும் தனிச் சாதனமாகப் பதிவுசெய்கிறது. 1 முதல் 4 வரையிலான எண்கள் அந்த நான்கு இடங்களுக்கு மட்டுமே. காலியாகக் கிடந்தாலும் மற்றவற்றுக்குக் கிடையாது. லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண்வரிசை 5இல்தான் தொடங்கும். உங்களிடம் 2 என்பது எக்ஸ்டெண்டட், 5 அதன் உள்ளே இருப்பது. 3, 4 நிரப்பப்படவே இல்லை.

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்கில் சண்டையில்லாமல் இருந்தது இந்தப் பிரிவினையால்தான். இப்போதைய கணினிகளில் டிஸ்கைப் பிரிக்க ஜிபிடி என்ற முறை. வழக்கமாக 128 இடம். எண் விடுபடும் இந்தக் கூத்து அதில் தேவையில்லை.

லினக்ஸில் எஸ்டிஏ1 போன்ற இந்தப் பங்குகள், முழு டிஸ்க், மோடம் எல்லாமே ‘டெவ்’ அடைவில் கோப்புகளாகத் தெரியும். வசதிதான், ஆபத்தும்தான். லினக்ஸ் பிறந்த புதிதில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக டிஸ்குக்கே அனுப்பி, அதுவரை பயன்படுத்திவந்த மினிக்ஸ் இயங்குதளம் இருந்த பார்ட்டிஷனைக் கெடுத்துக்கொண்டார். மினிக்ஸைத் திரும்ப நிறுவாமல் லினக்ஸிலேயே தங்கிவிட்டார்.