துப்பாக்கிக் கட்டையும் ஆளிவிதை எண்ணெயும்

கொங்கு நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை, 1805-ஆம் ஆண்டு சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அக்காலக் கம்பெனிப் படையில் வழங்கிய ஒருவகைத் துப்பாக்கிக்கு ‘இந்தியா பாட்டர்ன்’ என்று பெயர். அதன் இரும்புக் குழாய் 39 அங்குலம், அதாவது ஏறத்தாழ 99 சென்டிமீட்டர் நீளம் உடையது. குழாயைத் தாங்கிய கட்டை வால்நட் மரத்தால் ஆனது. மழையிலும் வெயிலிலும் அந்த மரத்தைக் காத்தது எது?

மரம் ஈரத்தை உறிஞ்சினால் குறுக்குவாட்டில் பருக்கும்; உலர்ந்தால் சுருங்கும். குழாயும் விசையும் கட்டையில் குடைந்த பள்ளங்களில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். மரம் பருத்தால் விசை சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி வெறும் தடியாகிவிடும்! ஆகவே கட்டையின்மேல் ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்தார்கள்.

நம் ஊரில் செக்கில் ஆட்டும் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ இதற்கு உதவாதா? உதவாது. விடை மூலக்கூறுகளில் இருக்கிறது. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இவற்றை அளக்க அயோடின் எண் பயன்படுகிறது. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதே அது. தேங்காய் எண்ணெய்க்கு இது சுமார் 10. கடலை எண்ணெய்க்குச் சுமார் 90. ஆளிவிதை எண்ணெய்க்கோ சுமார் 180!

இரட்டைப் பிணைப்புகள் மிகுந்த எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திண்ணிய படலமாகின்றன. ஈரத் துணி உலர்ந்தால் எடை குறையும். இந்த எண்ணெயோ ஆக்சிஜனை ஏற்பதால் ‘உலரும்போது’ முதலில் எடை கூடுகிறது! இப்படலம் ஈரத்தை முற்றிலும் தடுக்காது. அது புகும் வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் கட்டைக்கு அவ்வப்போது மீண்டும் எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது.

பழைய துப்பாக்கியைப் ‘புதுப்பிக்க’ இப்படலத்தைச் சுரண்டுவது தவறு. எந்த எண்ணெய், எந்த அரக்கு பூசப்பட்டது என்று காட்டும் சான்று அதில்தான் இருக்கிறது.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். இரு கண்ணாடித் தகடுகளில் ஒன்றில் ஆளிவிதை எண்ணெயையும், மற்றொன்றில் தேங்காய் எண்ணெயையும் மெல்லியதாகப் பூசி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நாள்தோறும் விரலால் தொட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாட்களில் எது கெட்டிப்படுகிறது என்பது தெரியும்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். வினையில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானே தீப்பற்றக்கூடும். அதை நீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.