ஊட்டிக் குளிரில் நின்றுபோன ஜனாஸா வண்டி: பழைய டீசல் எஞ்சின் பற்றி ஒரு பாடம்

நம் அறக்கட்டளையின் ஜனாஸா வண்டி ஒரு பழைய டெம்போ ட்ராக்ஸ் என்பது மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஜமாஅத்தார் அறிந்ததே. கடந்த ஜனவரியில் அதில் ஒரு மய்யித்தை ஊட்டிக்குக் கொண்டு சென்றோம். இரவில் வீடு போய்ச் சேர்ந்தோம். சுபுஹு தொழுகைக்குப் பின் அடக்கம் என்று ஏற்பாடு. விடியும்போது புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகியதே தவிர எஞ்சின் எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் பேட்டரியும் இறங்கிவிட்டது. மையவாடி மூன்று கிலோமீட்டர், மேட்டுப் பாதை. ஒன்றரை மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவ்வூர் இளைஞர்கள் சந்தூக்கைத் தோள் மாற்றி மாற்றிச் சுமந்தே சென்றார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்கிற நாமே அந்தக் குடும்பத்தைக் காக்க வைத்துவிட்டோம்.

வெயில் ஏறி, ஒரு டாக்ஸியின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்த பிறகு வண்டி எடுத்தது. சென்னை வந்து மெக்கானிக் சோதித்தபோது, நான்கு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்திருந்தன. எப்போது செத்தன என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் அந்த இரண்டும் இல்லாமலே வண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆக, ஊட்டியில் நின்ற வண்டி மயிலாப்பூரிலேயே பழுதாகிவிட்டிருந்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக அமுக்கும். அமுக்கிய காற்று சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். ட்ராக்ஸ், ட்ராவலர் வண்டிகளில் வந்த மெர்சிடிஸ் ஓஎம் 616 எஞ்சினில் காற்று ஏறத்தாழ 21 பங்கிலிருந்து ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. ஆனால் இந்தப் பழைய வகையில் டீசல் முதலில் ஒரு சின்ன முன்னறையில்தான் பீய்ச்சப்படும். குளிர்ந்த இரும்பு அங்கே சூட்டை உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு வேலை இல்லை.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அமுக்குவதற்கே காற்று குறைகிறது. குளிரில் பேட்டரியின் வலு குறையும், என்ஜின் ஆயில் கெட்டியாகி செல்ஃபுக்குப் பாரம் கூடும். மார்கழி விடியலிலும் நம் ஊரில் 20 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் மறைந்திருந்த குறையெல்லாம் அங்கே ஒரே நேரத்தில் கணக்குக் கேட்டுவிட்டது.

ஆகவே அடையாளங்களை இங்கேயே பார்க்க வேண்டும். காலை முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் சில விநாடி உதறிக்கொண்டு, பச்சை டீசல் வாடையோடு வெள்ளைப் புகை விட்டால், ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க மெக்கானிக்கே வேண்டியதில்லை. பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் விளக்கு வழியாக பிளக்கைத் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பிளக் போய்விட்டது. மிகப் பழைய வகையில் பிளக்குகள் ஒரே வரிசையாக இணைந்திருக்கும். ஒன்று போனால் எல்லாமே நின்று, பழுது உடனே தெரிந்துவிடும். நம் வண்டியில் இருப்பது தனித்தனி இணைப்பு. வசதிதான், ஆனால் இரண்டு செத்தாலும் மூச்சுவிடாது. புதுப்பேட்டையில் கழற்றிய கதவு வாங்கலாம், பம்பர் வாங்கலாம். ஹீட்டர் பிளக்கை மட்டும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிதாக, நான்கையும் சேர்த்தே வாங்குங்கள்.

பேட்டரி முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மலைக்கு அனுப்பாதீர்கள். எர்த் வயரின் துருவைச் சுரண்டிவிடுங்கள். பாதிப் பழி பேட்டரி மேல் வீணாக விழுகிறது. சென்னையில் மழைக்காலம் முடிந்தவுடன் டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். இரவில் நின்ற வண்டி காலையில் கை பம்ப் அடித்தால்தான் எடுக்கிறது என்றால், டீசல் பைப்பில் எங்கோ ஏர் எடுக்கிறது.

மலையில் ஒரு டீக்கடையில் கிடைத்த ஆலோசனைகளையும் சொல்லிவிடுகிறோம். ஆயில் சம்ப்புக்கு அடியில் துணியைக் கொளுத்தச் சொன்னார்கள். மேலே டீசல் பைப் ஓடுகிறது, வேண்டாம். ஈத்தர் ஸ்ப்ரே அடிக்கச் சொன்னார்கள். பழுத்த ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் எஞ்சினே வெடித்துப் பிளக்கும். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வதும் ஆபத்து: எஞ்சின் ஓடாதவரை பிரேக்குக்கு வேக்கும் உதவி கிடைக்காது. டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கமும் உண்டு. பம்புக்குக் கேடு என்பது ஒருபுறம். ரேஷன் மண்ணெண்ணெய் ஏழை வீட்டின் ஹக்கு. அதை எஞ்சினில் ஊற்ற நமக்கு அனுமதி இல்லை.

டீசலே மெழுகாக உறைவது லடாக் போன்ற இடங்களின் சங்கதி. அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. ஊட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆயிலை மட்டும் 20டபிள்யூ40லிருந்து 15டபிள்யூ40க்கு மாற்றினோம். ஹீட்டர் போட்டு இருபது விநாடி பொறுத்து, பிறகே செல்ஃப். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் ஒரு நிமிடம் விட வேண்டும்.

இப்போது ஓட்டுநரிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம். தினமும் முதல் ஸ்டார்ட் எத்தனை விநாடியில் என்று எழுதுகிறார். சென்ற வாரம் மூன்று, ஐந்து ஆனது. பார்த்தால் டீசல் பைப்பில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. டெஸ்ட் விளக்கும் வோல்ட் மீட்டரும் அலுவலகத்தில் உள்ளன. வண்டி வைத்திருக்கும் மற்ற ஜமாஅத்தினர் அஸருக்குப் பின் வந்து எடுத்துச் செல்லலாம்.