முதலில் எதை எழுதுவது? பிளஸ் ஒன் சேர்க்கை பற்றி ஒரு பாடம்



எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வெளிவந்த மறுநாளே சித்தூர் தாலுகாவில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்கு நாலைந்து பெற்றோராவது வந்துவிடுவார்கள். தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "சார், பிள்ளைக்கு நல்ல கிரேடு வந்திருக்கு. எந்த ஸ்கூல் கிடைக்கும்? யாரைப் போய்ப் பார்க்கணும்?" என்று கேட்பார்கள். "யாரையும் பார்க்க வேண்டாம், தாளை ஒழுங்காக எழுதுங்கள்" என்பதுதான் என் பதில். இப்படிச் சொல்ல நான் கற்றுக்கொண்டதற்கு என் தங்கை மகள் கொடுத்த விலை அதிகம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

1. இடம் எப்படிப் பங்கிடப்படுகிறது?

கேரளத்தில் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு 1990-91இல் தொடங்கியது. அதற்கு முன் கல்லூரியில் பிரீடிகிரி படிப்பதே வழக்கம். பிளஸ் ஒன் வந்த பிறகும், ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கி விண்ணப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே பிள்ளைக்கு மூன்று பள்ளியில் இடம் கிடைக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றிலும் கிடைக்காது. இதை மாற்ற 2007இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏகஜாலகம் என்னும் ஒற்றைச் சாளர முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். 2008இல் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. மாவட்டத்திற்கு ஒரே விண்ணப்பம். அதில் வேண்டிய பள்ளிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் 'ஆப்ஷன்' என்கிறோம்.

தரவரிசை இப்படித் தயாராகிறது. ஏ பிளஸ் கிரேடுக்கு 9 புள்ளி, ஏ-க்கு 8, பி பிளஸுக்கு 7 என்று இறங்கி, டி பிளஸுக்கு 3 புள்ளி. மேற்படிப்புக்குத் தகுதி பெற ஒவ்வொரு பாடத்திலும் டி பிளஸாவது வேண்டும். நாம் கேட்கும் பாடப்பிரிவுக்கு நெருக்கமான பாடங்களின் புள்ளி கூடுதலாகக் கணக்கில் சேரும். அதனோடு போனஸ் புள்ளிகளும் உண்டு. பத்தாம் வகுப்பு படித்த அதே பள்ளியைக் கேட்டால் 2, பள்ளி இருக்கும் பஞ்சாயத்திலேயே குடியிருந்தால் 2, அதே தாலுகாவில் குடியிருந்தால் 1. கேரள எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவருக்கும் கூடுதல் புள்ளி உண்டு. ஆகவே ஒரே பிள்ளைக்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு தரவரிசை வரலாம். பக்கத்துப் பஞ்சாயத்துப் பள்ளியில் பின்னால் நிற்கும் பிள்ளை, சொந்தப் பஞ்சாயத்துப் பள்ளியில் முன்னால் நிற்பாள்.

2. ஒரு சிறு கணக்கு

பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஒரு கற்பனைக் கணக்குச் சொல்கிறேன். மேட்டுப்பள்ளி, ஆற்றுப்பள்ளி, வயல்பள்ளி என்று மூன்று பள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடம். மல்லிகா, செல்வி, கண்ணன் என்று மூன்று பிள்ளைகள். தரத்திலும் அதே வரிசைதான். மல்லிகாவும் செல்வியும் மேடு, ஆறு, வயல் என்று எழுதுகிறார்கள். கண்ணன் ஆறு, வயல், மேடு என்று எழுதுகிறான்.

'எங்கள் பள்ளியை முதலாவதாக எழுதியவருக்கே முதலில் இடம்' என்று ஒரு விதி இருந்தால் என்ன ஆகும்? மேட்டுப்பள்ளி மல்லிகாவுக்குப் போகும். ஆற்றுப்பள்ளியை முதலாவதாக எழுதியவன் கண்ணன் ஒருவனே, இடம் அவனுக்கு. செல்வி தன் இரண்டாம் விருப்பத்திற்கு வரும்போது அங்கே இடம் தீர்ந்திருக்கும். கண்ணனைவிட நல்ல தரம் இருந்தும் அவள் வயல்பள்ளிக்குப் போக வேண்டும். அந்த விதியில், ஆசைப்பட்டதை முதலில் எழுதியதே அவளுக்கு வினையாகிவிடும். "பெரிய பள்ளிக்கு ஆசைப்படாதே, கிடைப்பதை முதலில் எழுது" என்னும் புத்திமதி அப்படிப்பட்ட இடத்தில்தான் பொருந்தும்.

ஏகஜாலகத்தின் விதி அது அல்ல. மேட்டுப்பள்ளி மல்லிகாவுக்குப் போனதும் செல்வியின் அடுத்த விருப்பமான ஆற்றுப்பள்ளி பார்க்கப்படும். அங்கே கண்ணனையும் செல்வியையும் தரத்தை வைத்து ஒப்பிடுவார்கள். யார் எத்தனையாவதாக எழுதினார் என்பதை வைத்து அல்ல. இடம் செல்விக்கே. மேட்டுப்பள்ளியை முதலில் எழுதியதால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கண்ணன் ஆற்றுப்பள்ளி இருக்கும் பஞ்சாயத்துக்காரனாக இருந்து, போனஸ் சேர்ந்து அவன் புள்ளி செல்வியைத் தாண்டினால் மட்டுமே இடம் அவனுக்குப் போகும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்ளி என்ற இரு கணித அறிஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இடத்தை உடனே முடிவு செய்துவிடாமல் தற்காலிகமாக வைத்திருந்து, மேலான தகுதியுடையவர் வந்தால் மாற்றிக் கொடுப்பது அந்த வழி. நம் ஏகஜாலகமும் பெரும்பாலும் அதை ஒத்ததே. பாஸ்டன் நகரம் 'முதலில் எழுதியவருக்கு முதலில்' என்ற பழைய முறையை விட்டு 2005இல் இவ்வழிக்கு மாறியது. இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு விதித்தொகுப்பு அந்தப் பழைய முறையைத் தடை செய்தது. ஷாப்ளிக்கும், இதைப் பள்ளிகளுக்குப் பொருத்திக் காட்டிய ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பெற்றோர் தந்திரம் செய்யத் தேவையில்லாமல், மனத்தில் உள்ளதை உள்ளபடி எழுத முடியும் என்பதே இதன் சிறப்பு.

3. பாலக்காடும் இடுக்கியும்

நம் இரண்டு எல்லைப் பகுதிகளுக்கும் சிக்கல் ஒன்றல்ல. பாலக்காட்டில் பிள்ளைகள் அதிகம், இடம் குறைவு. ஒரு பிரிவில் 50 பேர் என்பது கணக்கு. 2023இல் பாலக்காடு உள்ளிட்ட மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் 30 சதவீதம் இடம் கூட்டினார்கள். அதாவது ஒரு வகுப்பில் 65 பேர். அதே ஆண்டு வடக்கு மாவட்டங்களுக்கு 97 தற்காலிகப் பிரிவுகள் கொடுத்தபோது பாலக்காட்டுக்கு வந்தவை 4. இடுக்கிக்கு அந்த ஆண்டு இடக்கூடுதல் இல்லை. மாவட்டக் கணக்குப்படி அங்கே தட்டுப்பாடு இல்லை என்பதே காரணம். ஆனால் மாவட்டத்தில் இடம் இருப்பது வேறு, மூணாறுக்கு மேலே எஸ்டேட் லயத்தில் இருக்கும் பிள்ளை போய்வரும் தூரத்தில் இடம் இருப்பது வேறு.

இரண்டு பகுதிக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. அது தமிழ். பிளஸ் ஒன்னில் எல்லாப் பள்ளியிலும் இரண்டாம் மொழியாகத் தமிழ் இல்லை. தமிழ் இல்லாத பள்ளி கிடைத்தால், பத்தாண்டு தமிழில் படித்த பிள்ளை மலையாளமோ இந்தியோ எடுக்க வேண்டிவரும். தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. பிளஸ் ஒன் வரை அது நீளாது. அங்கே பிள்ளையின் தமிழைக் காப்பது நாம் எழுதும் ஆப்ஷன் வரிசைதான். பள்ளிவாரியாக என்னென்ன மொழிகள் உண்டு என்பது சேர்க்கைக் கையேட்டிலேயே இருக்கும். பாடப்பிரிவைப் பார்க்கும் நாம் மொழியைப் பார்ப்பதில்லை.

4. பெற்றோர் செய்ய வேண்டியவை

ஒன்று: பிள்ளையை உட்கார வைத்து, அவளுக்கு மிகவும் பிடித்தது எதுவோ அதை முதலில், அடுத்ததை இரண்டாவதாக என்று வீட்டிலேயே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அக்ஷயா மையத்திற்குப் போங்கள். அங்கே கூட்டத்தில் நின்றுகொண்டு யோசிக்கக் கூடாது.

இரண்டு: கிடைத்தாலும் அனுப்ப மாட்டோம் என்ற பள்ளியை எழுதவே வேண்டாம். ஒதுக்கிய இடத்தில் குறித்த நாளில் சேராவிட்டால் அடுத்த சுற்றுகளில் பெயர் வராது.

மூன்று: முதல் ஆப்ஷனே கிடைத்தால் நிரந்தரமாகச் சேர்ந்துவிட வேண்டும். கீழே உள்ள ஆப்ஷன் கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்து, மேலே உள்ளவற்றுக்குக் காத்திருக்கலாம். அடுத்த சுற்றில் மேல் ஆப்ஷன் வந்துவிட்டால் அங்கே போகத்தான் வேண்டும். பழைய இடம் இருக்காது. ஆகவே வரிசையில் மேலே எழுதுவது உண்மையிலேயே மேலானதாக இருக்கட்டும்.

நான்கு: முதல் அலாட்மெண்டுக்கு முன் சோதனை அலாட்மெண்ட் ஒன்று வரும். அது திருத்தம் செய்வதற்காக வருவது. பஞ்சாயத்துப் பெயர், தாலுகா, சாதிப் பிரிவு, ஆப்ஷன் வரிசை எல்லாவற்றையும் அப்போது மறுபடி பாருங்கள். தவறாக போனஸ் கேட்டுவிட்டுச் சேரும் நாளில் ஆதாரம் காட்ட முடியாவிட்டால் கிடைத்த இடமும் போகும்.

ஐந்து: சான்றிதழ்கள். அரசுப் பள்ளிகளில் பட்டியல் சாதியினருக்கு 12 சதவீதமும் பழங்குடியினருக்கு 8 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. பிற பிற்பட்ட வகுப்பினருக்கும் தனித்தனிப் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இங்கேதான் முடிச்சு. பட்டியல் சாதிச் சான்றுக்கு, 1950ஆம் ஆண்டு ஆணை வந்த காலத்தில் முன்னோர் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு ஆவணம் கேட்பார்கள். பாட்டனார் காலத்து எஸ்டேட் பதிவோ, பழைய பள்ளிப் பதிவோ தேடி எடுக்க மாதக்கணக்காகும். முடிவு வந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்குங்கள்.

ஆறு: முதன்மைச் சுற்றுகளில் இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். காலியிடப் பட்டியலைப் பார்த்து விண்ணப்பத்தைப் புதுப்பித்தால் துணை அலாட்மெண்டில் வாய்ப்பு உண்டு. உதவி பெறும் பள்ளிகளில் நிர்வாக ஒதுக்கீட்டுக்குத் தனியே அந்தப் பள்ளியிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

5. நான் செய்த தவறு

2010இல் நடந்தது இது. என் தங்கை குடும்பம் மூணாறுக்கு மேலே எஸ்டேட்டில் இருந்தது. அவள் மகள் நன்றாகப் படிப்பாள். தமிழ் படித்து ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. தமிழ் இருந்த பள்ளி சற்றுத் தூரம், கேட்பவர் அதிகம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியில் தமிழ் இல்லை. மச்சான் எனக்குப் போன் செய்து, "வாத்தியார் மாமா சொல்றபடி எழுதிடலாம்னு பாப்பா சொல்றா" என்றார்.

நான் விதியைப் படித்துப் பார்க்கவில்லை. "பெரிய பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனால், பக்கத்துப் பள்ளியும் கைநழுவும். பக்கத்துப் பள்ளியையே முதலில் எழுதுங்கள்" என்று சொன்னேன். அப்படியே எழுதினார்கள். முதல் சுற்றிலேயே அது கிடைத்தது. முதல் ஆப்ஷன் என்பதால் நிரந்தரச் சேர்க்கை. அதற்கு மேல் எதுவும் வராது. அதே லயத்தில், அவளைவிடக் குறைந்த கிரேடு வாங்கிய பையன் தமிழ் இருந்த பள்ளியை முதலில் எழுதி, அங்கேயே சேர்ந்தான். பிறகு பள்ளி மாற்றத்துக்குக் கொடுத்துப் பார்த்தோம். அங்கே காலியிடம் இல்லை.

அவள் இந்தி எடுத்துப் படித்தாள். பிறகு வணிகவியல் முடித்து, இன்று எறணாகுளத்தில் வேலையில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். "அன்னைக்கு ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள் கையெழுத்தில் வரும் பொங்கல் வாழ்த்து மட்டும் இன்றும் தமிழில்தான் வருகிறது.

இடம் குறைவாக இருப்பது நம் கையில் இல்லை. கூடுதல் பிரிவும், தமிழ் கற்பிக்கும் பள்ளியும் கேட்டு மனுக் கொடுப்பது சங்கத்தின் வேலை. அதைத் தொடர்ந்து செய்வோம். ஆனால் இருக்கிற இடத்தை நம் பயத்தால் இழப்பது நம் தவறு. பிள்ளையின் ஆசை எதுவோ அது முதல் வரியில் இருக்கட்டும். இந்த ஆண்டு விதியில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கையேட்டை ஒரு முறை படித்துவிடுங்கள். வாத்தியார் சொன்னார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; அந்த வாத்தியார் நானாகவே இருந்தாலும் சரி.