அளந்து பறத்தல்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. அளவறியாது செலவிடுவோன் நிலத்தில் பொருளை இழப்பான். வானிலோ உயிரையே இழக்க நேரிடும்.

அமெரிக்கா முதலிய நாடுகளில், தம் கையாலேயே சிறு விமானம் கட்டிப் பறப்போர் பலர் உளர். அவர்கள் இடையறாது கருத வேண்டுவது எரிபொருளின் அளவாகும். தொட்டியிலுள்ள மிதவை, எஞ்சிய அளவை ஒருவாறு காட்டும். எனினும், விமானம் சாயுந்தோறும் எரிபொருளும் சாய்வதால் முள் நிலைத்து நில்லாது. ஆகவே, எஞ்சினுக்குச் செல்லும் குழாயில் பாய்வுமானி என்னும் கருவியைப் பொருத்துவர். அதனுள் உள்ள சிறு சக்கரம், எரிபொருள் பாயும்போது சுழலும். அச்சுழற்சிகளை எண்ணி, மணிக்கு இத்தனை லிட்டர் செலவாகிறது எனக் கருவி காட்டும்.

ஆயினும், அக்கருவியையும் ஆராயாது நம்புதல் கூடாது. குழாயின் வளைவை ஒட்டிப் பொருத்தினால் ஓட்டம் சுழித்துக் கணக்குப் பிழைபடும். ஆவிக்குமிழி புகுந்தாலோ சக்கரம் அளவுக்கு மேல் விரைந்து சுழலும். சில எஞ்சின்களில், எரியாது மிகுந்த எரிபொருள் வேறொரு குழாய் வழியே தொட்டிக்குத் திரும்பும். அதனையும் அளந்து கழித்தாலன்றி உண்மைச் செலவு விளங்காது.

பிழையைக் கண்டறியும் வழி எளியது. தொட்டியை நிரப்பிப் பறந்து, இறங்கிய பின் அதே மட்டத்திற்கு மீண்டும் நிரப்புதல் வேண்டும். கருவி காட்டிய செலவு 42 லிட்டர். மீண்டும் ஊற்றியதோ 40 லிட்டர் எனக் கொள்வோம். கருவி 2 லிட்டர் மிகையாகக் காட்டிற்று என்பது தெளிவு. இவ்வாறு பன்முறை சோதித்து, அவ்விகிதப்படி கருவியைத் திருத்துவர்.

இத்துணை நுட்பம் வேண்டுமோ எனச் சிலர் ஐயுறலாம். கலிபோர்னியாவிலுள்ள மொகாவே என்னும் ஊரில் ஒரு சிறு குழுவினர் கட்டிய ‘வாயேஜர்’ விமானத்தின் வரலாறு இதற்கு விடை கூறும். 1986ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் டிக் ரூட்டான், ஜீனா ஈகர் என்னும் இருவர் அதில் ஏறிப் புறப்பட்டனர். எங்கும் இறங்காமலும், வழியில் எரிபொருள் பெறாமலும் உலகைச் சுற்றி, 23ஆம் நாள் திரும்பினர். புறப்படும்போது 17 தொட்டிகளில் இருந்த எரிபொருள் ஏறக்குறைய 3,180 கிலோகிராம். இறங்கியபோது எஞ்சியது 48 கிலோகிராமே. அஃதாவது, நூற்றில் ஒன்றரைப் பங்கு! நூற்றுக்கு இரண்டு என்னும் அளவில் கணக்குப் பிழைத்தாலும், அப்பிழை எஞ்சியதினும் மிகுதியாகும். ஏட்டில் எரிபொருள் இருக்க, தொட்டி வறண்டு போகும்.

சிறு பிழைதானே என்று இகழாது திருத்துவோரே நெடுவழி சென்று நலமுடன் மீள்வர்.